காணொளிச் செருகுநிரல்: நிறுவியது யார், நிர்வகிப்பது யார்?

இணையப் பக்கத்தில் ஒரு காணொளியைத் திறந்தால் அது ஓடும் என்று இன்று எவரும் எதிர்பார்க்கலாம். அந்த எதிர்பார்ப்பு அண்மைக் காலத்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள், உலாவி என்பது எழுத்தையும் படத்தையும் காட்டுவதோடு நின்றுகொள்ளும் மென்பொருளாகவே இருந்தது. ஒலி, அசைபடம், திரைப்படத் துண்டு ஆகியவற்றுக்கெல்லாம் வேறொரு நிறுவனம் எழுதிய, உலாவியோடு இணைந்து ஓடும் செருகுநிரலைப் பயனரே தேடிப் பதிவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது. ஃப்ளாஷ், ரியல்பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர், சில்வர்லைட் என்று அந்த வரிசை நீண்டது. இந்த வரலாற்றைப் பழைய தொழில்நுட்பம் போய்ப் புதியது வந்த கதையாகச் சொல்வது வழக்கம். நிறுவுவது, புதுப்பிப்பது, முடக்குவது ஆகிய மூன்று வேலைகளும் எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறின என்று பார்த்தால் இன்னும் தெளிவான சித்திரம் கிடைக்கும் என்பது என் எண்ணம்; ஏனெனில் செருகுநிரல்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, அவற்றின் நிர்வாகம்தான் பயனரின் பார்வையிலிருந்து விலகியிருக்கிறது.

தொடக்கம் 1996-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0. அதில் அறிமுகமான இணைப்பு முறைக்குப் பின்னர் என்பிஏபிஐ என்ற பெயர் நிலைத்தது. அது இயங்கிய விதம் எளிமையானது. ஒவ்வொரு செருகுநிரலும் தன்னால் எந்தெந்த வகைக் கோப்புகளைக் கையாள முடியும் என்று ஒரு பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கும். அந்த வகைகள் மைம் எனப்படும் பெயர்களால் குறிக்கப்படும். உலாவி தனக்குத் தெரிந்த சில கோப்புறைகளைத் துழாவி, அங்குள்ள செருகுநிரல்களின் பட்டியல்களைப் படித்து, எந்த வகைக்கு எது பொறுப்பு என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். பிறகு ஏதேனும் ஒரு பக்கத்தில் அவ்வகைக் கோப்பு எதிர்ப்பட்டால், உரிய செருகுநிரலை நினைவகத்தில் ஏற்றி, பக்கத்தின் நடுவே ஒரு செவ்வக இடத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுத்துவிடும். அந்தச் செவ்வகத்துக்குள் வரைவது, ஒலி எழுப்புவது, வலையமைப்பைத் தொடர்புகொள்வது, கணினியின் கோப்புகளைப் படிப்பது ஆகிய அனைத்தும் செருகுநிரலின் விருப்பம். கணினியைப் பயன்படுத்துபவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ அவையனைத்தும் அதற்கும் உண்டு. உலாவி இடையில் நின்று தடுப்பதற்கு ஒன்றுமில்லை. பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை.

விண்டோஸில் நிறுவுவது வெளிப்பார்வைக்கு நான்கைந்து சொடுக்குகளில் முடிகிற வேலை. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2001-இல் நெட்ஸ்கேப் வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டு ஆக்டிவ்எக்ஸ் என்ற தன் சொந்த முறையை மட்டும் வைத்துக்கொண்டதால், ஃப்ளாஷுக்கு இரண்டு தனித்தனி நிறுவிகள் தேவைப்பட்டன: ஒன்று எக்ஸ்புளோரருக்கு, மற்றொன்று ஃபயர்ஃபாக்ஸ், ஓப்பரா போன்றவற்றுக்கு. ஒரே கணினியில் இரண்டு உலாவிகளை வைத்திருந்தவர் இரண்டையும் நிறுவி இரண்டையும் புதுப்பித்தாக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவரின் கணினியில், எக்ஸ்புளோரருக்கான பழைய பதிப்பு தன் ஓட்டைகளோடு அப்படியே கிடக்கும்.

இதற்குள் ஒலி, காணொளிக் கோப்புகளை ஓட்டும் இயக்கிகளுக்கிடையே போட்டியும் இருந்தது. ஒரே எம்பி3 கோப்பைக் கையாள குயிக்டைமும் ரியல்பிளேயரும் விண்டோஸ் மீடியா பிளேயரும் உரிமை கோரின. கடைசியாக நிறுவப்பட்டது முந்தியவற்றின் இடத்தைப் பறித்துக்கொள்வது வாடிக்கையாக இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ்ப் பாடல் கேட்பதற்காக ரியல்பிளேயரை நிறுவிய பலருக்கு, அதுவரை வேறொன்றில் திறந்துகொண்டிருந்த கோப்புகளெல்லாம் திடீரென்று இதில் திறக்கத் தொடங்கிய அனுபவம் நினைவிருக்கக்கூடும்.

லினக்ஸ் பயனர்களின் பாடு தனி. விண்டோஸில் நிறுவி மறைத்துவைத்த வேலைகள் அனைத்தையும் அவர்கள் கையாலேயே செய்தார்கள். ஃப்ளாஷ் என்பது அங்கே ஒற்றைக் கோப்பு. அதைத் தங்கள் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் மோசில்லா கோப்புறைக்குள் செருகுநிரல்களுக்கென ஓர் உள்ளடைவை உருவாக்கி அதில் வைக்க வேண்டும். பிறகு உலாவியை மூடித் திறந்து, முகவரிப் பட்டையில் ‘அபவுட்:பிளகின்ஸ்’ என்று தட்டி, அது பட்டியலில் வந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். 64 பிட் இயங்குதளம் வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரே செயலிக்குள், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள், 64 பிட் உலாவியும் 32 பிட் செருகுநிரலும் கலந்து இயங்க முடியாது என்பதால், என்எஸ்பிளகின்ராப்பர் என்ற இடைநிலைக் கருவி செருகுநிரலைத் தனிச் செயலியில் ஓட்டி இரண்டுக்கும் நடுவே செய்தி கடத்தியது. லினக்ஸுக்கான 64 பிட் ஃப்ளாஷின் சோதனைப் பதிப்பை, ஃப்ளாஷைத் தயாரித்த அடோபி நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்டு, 2010-இல் திரும்பப் பெற்று, 2011 அக்டோபரில் 11-ஆம் பதிப்போடுதான் முறையாகக் கொடுத்தது.

மற்ற ஊடக வகைகளுக்கு லினக்ஸில் அதிகாரப்பூர்வச் செருகுநிரல்களே பெரும்பாலும் இல்லை. எம்பிளேயர், டோட்டெம், விஎல்சி ஆகிய திறந்த மூல இயக்கிகளை உலாவிக்குள் கொண்டுவரும் செருகுநிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல இணையதளங்கள் கோப்பை இயக்க முடியுமா என்று கேட்காமல், பயனரிடம் ‘விண்டோஸ் மீடியா பிளேயர்’ அல்லது ‘குயிக்டைம்’ என்ற பெயரில் செருகுநிரல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பின. ஆகவே டோட்டெம் செருகுநிரல் அந்தப் பெயர்களையே தனக்குச் சூட்டிக்கொண்டு, கூடவே ‘இணக்கமானது’ என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொண்டு உலாவியின் பட்டியலில் உட்கார்ந்தது. இப்படிப்பட்ட இரண்டு செருகுநிரல்களை ஒருங்கே நிறுவியவரின் கணினியில் எது எப்போது எழுந்து வரும் என்பது ஊகத்துக்குரியது. நிர்வாகம் என்று அன்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, தேவையற்ற ஒன்றைக் கண்டுபிடித்து நீக்குவதாகவே இருந்தது.

செருகுநிரல் உலாவியின் செயலிக்குள்ளேயே ஓடியதால், அது நிலைகுலைந்தால் உலாவியும் கூடவே விழும். திறந்திருந்த பக்கங்கள் யாவும் போகும். 2008-இல் வெளிவந்த குரோம் தொடக்கம் முதலே செருகுநிரல்களைத் தனிச் செயலியில் வைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2010 ஜூனில், 3.6.4 பதிப்பில், விண்டோஸிலும் லினக்ஸிலும் இதைப் பின்பற்றியது. அதன்பின் ஃப்ளாஷ் விழுந்தால் அந்தச் செவ்வகம் மட்டும் சாம்பல் நிறமாகி, செருகுநிரல் நின்றுவிட்டது என்ற செய்தியைக் காட்டும். பக்கத்தை மீளேற்றினால் போதும். சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும், நிர்வாகப் பொறுப்பில் உலாவி முதன்முதலாகக் கைவைத்தது இங்கேதான் என்று கருதலாம்.

அதுவரை ஃப்ளாஷ் தனக்கென ஒரு தனி ஆட்சியையே நடத்திவந்தது. இணையதளங்கள் உலாவியின் குக்கீயில் சுமார் 4 கிலோபைட் தகவலையே வைக்க முடியும் என்ற நிலையில், ஃப்ளாஷ் தன் சேமிப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் இயல்பாகவே 100 கிலோபைட் இடம் கொடுத்தது. உலாவியில் குக்கீகளை அழித்தால் இவை அழியா. விளம்பர நிறுவனங்கள் சில, அழிக்கப்பட்ட குக்கீயை இந்தச் சேமிப்பிலிருந்து மீண்டும் உயிர்ப்பித்தது 2009-இல் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டது. இதை நிர்வகிக்கும் இடமும் விசித்திரமானது. தன் கணினியில் உள்ள ஃப்ளாஷ் அமைப்புகளை மாற்ற விரும்புபவர் அடோபி நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், அங்கே ஒரு பக்கத்தில் தெரியும் சிறிய பலகையில் மாற்ற வேண்டும். அது வெறும் விளக்கப்படம் என்று நினைத்துக் கடந்து போனவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பலகைதான் தம் கணினியின் அமைப்புகள். 2011-இல் வெளிவந்த 10.3 பதிப்பில்தான் இது இயங்குதளத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்துக்கு வந்து சேர்ந்தது. உலாவியில் வரலாற்றை அழிக்கும்போது ஃப்ளாஷ் சேமிப்பையும் சேர்த்து அழிக்கும் வசதியும் அதே ஆண்டில்தான் ஏற்பட்டது.

நிர்வாகத்தைத் தொட்ட விஷயங்களில் காப்புரிமை வழக்கு ஒன்றும் உண்டு. பக்கத்துக்குள் பொதியப்பட்ட ஊடாட்ட நிரல் என்ற கருத்துக்கே காப்புரிமை பெற்றிருந்த இயோலாஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுக்க, 2003-இல் நடுவர்குழு சுமார் 52 கோடி டாலர் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அதைத் தவிர்க்க மைக்ரோசாஃப்ட் 2006-இல் எக்ஸ்புளோரரை மாற்றியமைத்ததன் விளைவாக, பயனர்கள் ஒவ்வொரு ஃப்ளாஷ் பெட்டியையும் முதலில் ஒருமுறை சொடுக்கி உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. உடன்பாடு ஏற்பட்ட பின் 2008-இல் அந்தத் தொல்லை நீங்கியது. சட்டச் சங்கடத்தால் பிறந்து எல்லோராலும் திட்டப்பட்ட அதே சொடுக்கு, சில ஆண்டுகளில் பாதுகாப்பு ஏற்பாடாக மறுபிறவி எடுத்தது.

அதற்கான காரணம் புதுப்பிப்பு. ஃப்ளாஷ் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருந்தது. எல்லா உலாவிகளிலும் ஒரே மாதிரி இயங்கியது. எனவே அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு எல்லாக் கதவும் திறந்தது. ஓட்டையை அடைக்கும் பதிப்பை அடோபி வெளியிட்டாலும், அதைப் பயனர் நிறுவினால்தான் பயன். புதுப்பிக்கச் சொல்லும் சாளரம் கணினியைத் திறந்தவுடன், வேறு வேலைக்கு அவசரப்படும் நேரத்தில் வரும், பயனர் மூடிவிடுவார். நிறுவும்போதும் வைரஸ் தேடும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்து நிறுவும் கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். புதுப்பிப்பு என்றாலே சந்தேகப்படவும் சலிப்படையவும் இப்படிப் பழக்கிய பிறகு, பயனரின் கவனக்குறைவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தச் சாளரத்தைப் பார்த்துப் பழகிய கண்களை ஏமாற்றுவதும் எளிதாயிற்று: 2011-இல் மேக் கணினிகளில் பரவத் தொடங்கிய ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல், ஃப்ளாஷ் நிறுவியின் வேடத்தில்தான் முதலில் வந்தது. பயனரைக் கேட்காமல் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை விண்டோஸுக்கு அடோபி கொடுத்தது 2012 மார்ச்சில், மிகத் தாமதம்.

உலாவித் தயாரிப்பாளர்கள் அதற்குள் பொறுமையிழந்திருந்தார்கள். 2010-இல் கூகுள் ஃப்ளாஷைக் குரோமுடனேயே சேர்த்து வழங்கத் தொடங்கியது. உலாவி புதுப்பிக்கப்படும்போது ஃப்ளாஷும் தானாகப் புதுப்பிக்கப்படும். பிறகு பெப்பர் என்ற புதிய இணைப்பு முறையை உருவாக்கி, செருகுநிரலைக் கோப்புகளைத் தொட முடியாத கட்டுக்காவலுக்குள் அடைத்தது. விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட்டும் அதே வழியில் ஃப்ளாஷை எக்ஸ்புளோரரோடு சேர்த்து, தன் புதுப்பிப்புச் சேவையின் வழியே பராமரித்தது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லா வேறு பாதையில் சென்றது: நிறுவியுள்ள செருகுநிரல்கள் பழையனவா என்று சோதித்துச் சொல்லும் பக்கம் ஒன்றை வைத்தது, ஆபத்தான பதிப்புகளின் தடைப்பட்டியலைத் தொலைவிலிருந்தே எல்லா உலாவிகளுக்கும் அனுப்பியது, சொடுக்கினால் மட்டும் இயங்கும் முறையைப் படிப்படியாக இயல்பாக்கியது. 2015 ஜூலையில் ஹேக்கிங் டீம் என்ற இத்தாலிய உளவு மென்பொருள் நிறுவனத்தின் கோப்புகள் கசிந்து, அவற்றில் அதுவரை வெளியே தெரியாத ஃப்ளாஷ் ஓட்டைகள் இருந்தது அம்பலமானபோது, திருத்தம் வரும்வரை எல்லா ஃப்ளாஷ் பதிப்புகளையும் ஃபயர்ஃபாக்ஸ் தடுத்து வைத்தது. தான் விரும்பி நிறுவிய ஒன்றை உலாவி தன்னைக் கேட்காமல் நிறுத்துவதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேள்வி தவறில்லை. ஆனால் கோடிக்கணக்கான பயனர்களில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படித்து அன்றே தாமாக முடக்கியிருப்பார்கள் என்பதை எண்ணினால், மோசில்லாவுக்கு வேறு வழியிருக்கவில்லை என்றுதான் படுகிறது.

முடிவு வேகமாக வந்தது. குரோம் 2015 செப்டம்பரில் 45-ஆம் பதிப்போடு என்பிஏபிஐயை முற்றாக நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃப்ளாஷ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் செருகுநிரல்களையும் கைவிட்டது. யூடியூப் 2015 ஜனவரியிலேயே, செருகுநிரலின்றி உலாவியே காணொளியை ஓட்ட வழிசெய்யும் எச்டிஎம்எல் 5 இயக்கிக்கு மாறியிருந்தது. 2017 ஜூலை 25 அன்று, 2020 இறுதியோடு ஃப்ளாஷை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது. கடைசிப் பதிப்புகளில் ஒரு காலக்கெடுவும் பொதிந்திருந்தது: 2021 ஜனவரி 12 முதல் அவை எதையும் இயக்க மறுத்தன. அதே மாதத்தில் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை, தன் வரிப் படிவங்களில் சில இன்னும் ஃப்ளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே தனியாக ஓர் உலாவியை வெளியிட்டது. மூன்றரை ஆண்டு முன்னறிவிப்பும் சில அலுவலகங்களுக்குப் போதவில்லை.

எச்டிஎம்எல் 5 வந்ததால் செருகுநிரல் தேவையற்றுப் போயிற்று என்று சொல்வது பாதி உண்மை. பக்கத்தில் காணொளிக்கு இடம் ஒதுக்குவதையும் பொத்தான்களையும் அது தீர்த்தது. இரண்டு விஷயங்களைத் தீர்க்கவில்லை. ஒன்று, காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 போன்ற குறியாக்க முறைகளின் காப்புரிமைக் கட்டணம். மற்றொன்று, திரைப்பட நிறுவனங்கள் வலியுறுத்தும் நகல் தடுப்பு. முதலாவதற்கு சிஸ்கோ நிறுவனம் 2013-இல் ஒரு வழி சொன்னது: தான் எழுதிய ஓப்பன்எச்264 நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டு, தானே தொகுத்து வழங்கும் கோப்புக்கான கட்டணத்தையும் தானே செலுத்துவதாக அறிவித்தது. அந்தக் கட்டணம் சிஸ்கோ தொகுத்த கோப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தன்னோடு சேர்த்து வழங்காமல், நிறுவிய பின் சிஸ்கோவிடமிருந்து தனியே இறக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் உலாவி வழி காணொளி அழைப்புகளுக்கு அது பயன்படுகிறது.

நகல் தடுப்புக்கான ஈஎம்ஈ என்ற முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 செப்டம்பரில் தரமாக ஏற்றது. அதை எதிர்த்து, இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கூட்டமைப்பிலிருந்தே விலகியது. ஃபயர்ஃபாக்ஸ் 2015-இல் இதற்கு அடோபியின் கூறு ஒன்றைச் சேர்த்து, 2016-இல் கூகுளின் வைட்வைனுக்கு மாறியது. வைட்வைனின் மூலநிரல் மூடப்பட்டது; அந்த வகையில் அது பழைய செருகுநிரல்களின் நேர்வாரிசு. வேறுபாடு அதன் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால் திரையில் தானாக எதையும் வரையவோ, வலையமைப்பைத் தொடவோ, கோப்புகளைப் படிக்கவோ இயலாது. உலாவி தரும் பூட்டிய தரவை வாங்கிப் பூட்டுத் திறந்து உலாவியிடமே திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. ஃபயர்ஃபாக்ஸ் அதை அடைத்துவைத்திருக்கும் கட்டுக்காவல், ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு அடையாள எண்ணைக் கொடுப்பதால், ஒரே பயனரைத் தளத்துக்குத் தளம் பின்தொடரவும் முடியாது.

இவற்றை இன்று எப்படி நிர்வகிப்பது? ஃபயர்ஃபாக்ஸின் துணைநிரல் பக்கத்தில் செருகுநிரல்கள் என்ற பிரிவு இன்னும் இருக்கிறது. மேசைக் கணினிகளில் பொதுவாக அங்கே தென்படுபவை ஓப்பன்எச்264, வைட்வைன் ஆகிய இரண்டும்தான். எப்போதும் இயக்கு, எப்போதும் இயக்காதே என்ற தெரிவுகளும் தானியங்கிப் புதுப்பிப்புக்கான தெரிவும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. அமைப்புகளின் பொதுப் பகுதியில், நகல் தடுப்பு உள்ள காணொளியை அனுமதிக்கும் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டால் வைட்வைன் மொத்தமாக விலகிவிடும்; படக் கட்டணச் சேவைகளைப் பயன்படுத்தாதவர்கள் இப்படி அணைத்துவைப்பதால் இழப்பதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. கட்டணச் சேவையில் படம் ஓடாமல் பிழைச் செய்தி வந்தால், உலாவியை மூடிவிட்டுப் பயனர் விவரக் கோப்புறையில் வைட்வைனுக்குரிய உள்ளடைவை நீக்கி, மீண்டும் திறந்து புதுப்பிப்பைத் தேடச் சொன்னால் புதிய நகல் இறங்கும். குரோமில் இதற்கு இணையானது ‘குரோம்:கம்போனன்ட்ஸ்’ என்ற பக்கம். வைட்வைன் வரியின் கீழ் புதுப்பிப்பைத் தேடும் பொத்தான் இருக்கும். குரோமின் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தில் வைட்வைன் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அங்கே கட்டணப் படங்கள் ஓடாதது பழுதன்று.

லினக்ஸில் ஒரு கூடுதல் கண்ணி உண்டு. சாதாரண எச்.264 காணொளிகளை இயக்க ஃபயர்ஃபாக்ஸ் அங்கே இயங்குதளத்திலுள்ள எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை நம்பியிருக்கிறது. காப்புரிமை காரணமாக எச்.264 காணொளியைப் பிரித்துக் காட்டும் குறிநீக்கியைத் தன் அடிப்படைக் களஞ்சியத்தில் தராத ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் சில காணொளிகள் ஓடாமற்போனால், உலாவியை நீக்கி மறுபடி நிறுவுவதால் பயனில்லை. உரிய தொகுப்பை இயங்குதளத்தில் சேர்க்க வேண்டும்.

எஞ்சியிருப்பது பழைய ஃப்ளாஷ் கோப்புகள். ஃப்ளாஷைப் புதுப்பிக்கச் சொல்லி எந்தப் பக்கமாவது இன்று கேட்டால் அது மோசடி என்று கொள்ளலாம். பழைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் பார்ப்பதற்கு, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் என்ற திறந்த மூலப் போன்மி, அதாவது ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், இருக்கிறது. அது வெப்அசெம்ப்ளி என்ற, உலாவி நேரடியாக இயக்கக்கூடிய நிரல் வடிவில் உலாவியின் வழக்கமான கட்டுக்காவலுக்குள்ளேயே ஓடுகிறது. தள உரிமையாளரே அதைத் தன் பக்கத்தில் சேர்த்துவிட்டால் பார்வையாளர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் தன் ஃப்ளாஷ் சேகரிப்பை இப்படித்தான் காட்டுகிறது. தளம் அதைச் சேர்க்காத இடங்களில், உலாவி நீட்சியாக நிறுவிக்கொள்ளலாம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற ஃப்ளாஷ் நிரல்மொழியில் எழுதப்பட்ட பிற்காலக் கோப்புகளில் மட்டும் சில இன்னும் சரிவர ஓடுவதில்லை. முந்தைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பதிப்புகளில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஓடிவிடுகின்றன.